பெயருக்கா காசு, பாதுகாப்புக்கா?

வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனைப் பக்கம் பூனை வளர்க்கிற எல்லாருக்கும்தான் இது.

"பேர்போன பிராண்ட், விலை கூட என்றாலும் பயமில்லை" என்கிறீர்கள். 2007இல் வட அமெரிக்காவில் நடந்ததைப் பாருங்கள். மெனு ஃபூட்ஸ் என்ற ஒரு கம்பனி 6 கோடிக்கு மேற்பட்ட டின்களையும் பக்கற்றுகளையும் திருப்பி எடுத்தது. சீனாவிலிருந்து வந்த கோதுமைப் புரதத்தில் மெலமின் கலந்திருந்தது. பூனைகளும் நாய்களும் சிறுநீரகம் பழுதாகிச் செத்தன. அந்தப் பட்டியலில் பேர்போன ஐயம்ஸும் இருந்தது, வோல்மார்ட்டின் மலிவான ஓல் ரோயும் இருந்தது. லேபல் வேறு, செய்த கம்பனி ஒன்று! அப்போ கூடுதலாகக் கொடுத்த காசு எதைக் காப்பாற்றியது?

அதற்காக சோறும் பாலும் போதும் என்று நான் சொல்லவில்லை. பூனைக்கு டோரின் கட்டாயம் வேண்டும். அது குறைந்தால் கண்ணும் இதயமும் கெடும். சோற்றில் அது கிடையாது. ஆகவே பூனைக்கான முழுமையான உணவு என்று தெளிவாகப் போட்ட சாதாரண விலைப் பக்கற்றே போதும்.

ஆனால் ஒன்று. சில கடைகளில் பெரிய மூட்டையைப் பிரித்து, கிலோக்கணக்கில் நிறுத்து, வெறும் பொலித்தீன் பையில் தருகிறார்கள். அதில் தொகுதி இலக்கமும் இல்லை, காலாவதித் திகதியும் இல்லை. நாளைக்கு ஒரு தொகுதியைத் திருப்பி எடுக்கச் சொன்னால், உங்கள் வீட்டில் இருப்பது அதுவா என்று எப்படித் தெரியும்?

வாயில்லா ஜீவன் நம்மிடம் அமானிதம். பிள்ளைகளின் டியூஷன் காசை விளம்பரத்துக்குக் கொட்டாதீர்கள். கடையில் பிராண்டைக் கேட்காமல் இலக்கத்தையும் திகதியையும் கேளுங்கள். இல்லையென்றால் வாங்காதீர்கள்.