முதலில் நகல், பிறகு ரிப்பேர்

பனியன் கம்பெனியின் சொத்து பவர்டேபிளிலும் கட்டிங் மேசையிலும் மட்டும் இல்லை. பேட்டர்ன், மார்க்கர், எம்பிராய்டரி டிசைன், டேலி கணக்கு எல்லாம் திருப்பூரில் பல இடங்களில் ஆபீஸ் மூலையில் நிற்கும் ஒரே கம்ப்யூட்டரில்தான் கிடக்கின்றன. அதில் ஒருநாள் டேலி திறக்கவே நெடுநேரம் ஆகும். மார்க்கர் ஃபைலைக் காப்பி செய்தால் பாதியில் நின்றுவிடும். ஷிப்மென்ட் நெருங்கும் நேரத்தில் இதைவிடப் பெரிய இடி வேண்டியதில்லை.

ஹார்ட் டிஸ்க்கில் பேட் செக்டார் விழுந்திருக்கிறது.

டிஸ்க்கின் காந்தத் தட்டு 512 பைட் அல்லது 4,096 பைட் அளவுள்ள செக்டார்களாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. எழுதிக்கொண்டிருக்கும்போது கரன்ட் போனால் ஒரு செக்டார் அரைகுறையாக நின்று, படிக்க முடியாமல் போகலாம். தட்டில் பழுதில்லை என்பதால் மறுபடி எழுதினால் அது சரியாகிவிடும். யூ.பி.எஸ். இருந்தால் இந்தத் தொல்லையே பெரும்பாலும் வராது. தட்டே கெட்டிருந்தால் கதை வேறு. டிஸ்க் அந்த இடத்தை ஒதுக்கிவிட்டு, கைவசமுள்ள உபரி செக்டாரை அங்கே மாற்றிக்கொள்ளும்; அந்தக் கணக்கை ‘ஸ்மார்ட்’ பதிவில் வைத்திருக்கும். ‘கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ’ என்ற இலவச மென்பொருளில் அதைப் பார்க்கலாம்.

அந்த எண்ணை அலட்சியம் செய்யக் கூடாது. ஒரு லட்சத்துக்கும் அதிகமான டிஸ்க்குகளை ஆராய்ந்து கூகுள் 2007இல் வெளியிட்ட ஆய்வின்படி, தன் தட்டைத் தானே சோதிக்கும்போது முதல் பிழையை (ஸ்கேன் பிழை) கண்ட டிஸ்க் அடுத்த 60 நாளில் செத்துப்போகும் வாய்ப்பு, பிழையில்லாத டிஸ்க்கைவிட 39 மடங்கு அதிகம். எண் சுத்தமாக இருந்தாலும் நிம்மதி இல்லை: செத்தவற்றில் 36 சதவீதத்துக்கும் மேற்பட்டவை ஸ்மார்ட் பதிவில் எந்தப் பிழையும் காட்டாமலே போயின.

நிட்டிங் மெஷினில் ஊசி உடைந்தால் துணி நெடுகக் கோடு விழும். மெஷினை நிறுத்தாமல் துணியை மட்டும் சரிசெய்ய யாரும் உட்காருவதில்லை. டிஸ்க் விஷயத்தில் அதைத்தான் செய்கிறோம்: பிழை வந்ததும் விண்டோஸின் ‘செக்டிஸ்க் /r’ போட்டுவிடுகிறோம். அது டிஸ்க் முழுவதையும் படிக்கவைக்கும்; தட்டைப் படிக்கும் ஹெட் தளர்ந்திருந்தால் அந்த உழைப்பிலேயே விழுந்துவிடலாம். அதற்குப் பதில், லினக்ஸில் ஓடும் ‘டிடி ரெஸ்க்யூ’ என்ற மென்பொருள் நல்ல பகுதிகளை முதலில் வேறு டிஸ்க்குக்கு நகலெடுத்துவிட்டு, மோசமான இடங்களைக் கடைசியில்தான் தொடும். ‘டிக், டிக்’ என்று சத்தம் வந்தால் அதுவும் வேண்டாம். சுவிட்சை அணைத்துவிட்டு, டேட்டா மீட்பு நிபுணரிடம் கொடுத்துவிட வேண்டும்.

டேலியில் இருக்கும் கணக்கு போனால் சட்டச் சிக்கலும் உண்டு: ஜி.எஸ்.டி. சட்டப்படி கணக்குகளை ஆண்டுக் கணக்குத் தாக்கலின் கடைசித் தேதியிலிருந்து 72 மாதம் வைத்திருக்க வேண்டும். இன்றே இரண்டு நகல் எடுங்கள். ஒன்றைக் கம்பெனிக்கு வெளியே வையுங்கள்.