யாருக்கும் சொந்தம் இல்லாத பாஷை

உங்கள் கையில் இருக்கும் செல்போன் ஒரு கம்பெனி செய்தது. வெளியூரில் வேலை பார்க்கும் உங்கள் மகனின் மேஜையில் இருக்கும் கம்ப்யூட்டர் வேறு கம்பெனி செய்தது. நடுவில் உள்ள கம்பியும் கோபுரமும் இன்னும் நாலைந்து கம்பெனிகளுக்குச் சொந்தம்.

ஆனாலும், நீங்கள் அனுப்பும் ஈ-மெயில் ஒரு நொடியில் போய்ச் சேருகிறது.

"உன் கம்ப்யூட்டர் எந்தக் கம்பெனி?" என்று நீங்கள் கேட்பது இல்லை. கேட்க வேண்டிய அவசியமும் இல்லை.

இது தானாக வந்த வசதி அல்ல. போராடிப் பெற்ற வசதி. அது எப்படி வந்தது என்று தெரிந்தால்தான், அது நம் கையை விட்டு நழுவுவதும் நமக்குத் தெரியும்.

மூன்று பெட்டிகள்

1966-ம் ஆண்டு. அமெரிக்க ராணுவத் தலைமையகத்தில் ராபர்ட் டெய்லர் என்ற அதிகாரி இருந்தார். ராணுவத்தின் பணத்தில் நடந்த கம்ப்யூட்டர் ஆராய்ச்சிகளைக் கவனிப்பது அவர் வேலை.

அவருக்கு 3 தட்டச்சுப் பெட்டிகள் கொடுத்து இருந்தார்கள்.

ஒன்று, எம்.ஐ.டி. கல்வி நிலையத்தின் கம்ப்யூட்டருடன் பேசும். இன்னொன்று, பெர்க்லி பல்கலைக்கழகத்தின் கம்ப்யூட்டருடன் பேசும். மூன்றாவது, சாண்டா மோனிகா என்ற ஊரில் உள்ள கம்ப்யூட்டருடன் பேசும்.

ஒன்றுக்குச் சொல்லும் கட்டளை இன்னொன்றுக்குப் புரியாது. ஒருவரிடம் பேசிவிட்டு அடுத்தவரிடம் பேச வேண்டுமானால், எழுந்து போய் வேறு பெட்டியின் முன் உட்கார வேண்டும்.

"ஒரே பெட்டி எல்லோருடனும் ஏன் பேசக் கூடாது?" என்று டெய்லர் நினைத்தார். மேல் அதிகாரியிடம் பணம் கேட்டார், கிடைத்தது. அப்படிப் பிறந்ததுதான் "ஆர்ப்பாநெட்". இன்றைய இன்டர்நெட்டின் தாய் அது.

4 இடம், 4 விதம்

1969-ம் ஆண்டின் கடைசியில் 4 இடங்கள் இணைந்தன. 4 இடங்களிலும் 4 விதமான கம்ப்யூட்டர்கள். செய்தவை 3 கம்பெனிகள்.

இவற்றை எப்படிப் பேச வைப்பது?

ஒவ்வொரு இடத்திலும் சிறிய கம்ப்யூட்டர் ஒன்றை வைத்தார்கள். சின்ன கம்ப்யூட்டர்கள் எல்லாம் ஒரே மாதிரி; ஒரே பாஷை பேசும். பெரிய கம்ப்யூட்டர் தன் பக்கத்தில் இருக்கும் சின்ன கம்ப்யூட்டரிடம் விஷயத்தைச் சொன்னால் போதும். மற்றதைச் சின்னது பார்த்துக்கொள்ளும்.

அக்டோபர் 29-ந்தேதி இரவு 10.30 மணி. லாஸ் ஏஞ்சல்சில் இருந்து ஸ்டான்போர்டு ஆராய்ச்சி நிலையத்துக்கு முதல் செய்தி புறப்பட்டது. "லாகின்" என்ற ஆங்கிலச் சொல்லின் 5 எழுத்துகளை அனுப்ப வேண்டும். 2 எழுத்துகள் போயின. அதற்குள் எதிர்முனைக் கம்ப்யூட்டர் படுத்துவிட்டது!

சுமார் ஒரு மணி நேரம் கழித்து, முழுச் சொல்லும் போனது.

குளியல் அறையில் எழுதிய மடல்

இந்தக் கம்ப்யூட்டர்கள் ஒன்றோடு ஒன்று பேச விதிகள் வேண்டும். அவற்றை எழுதியவர்களில் பலர் கல்லூரி மாணவர்கள்.

ஸ்டீவ் குரோக்கர் என்ற மாணவர் முதல் மடலை எழுதினார். அப்போது அவர் நண்பர்கள் வீட்டில் தங்கி இருந்தார். தூங்குகிறவர்களுக்குத் தொல்லை வேண்டாம் என்று, இரவில் குளியல் அறையில் உட்கார்ந்து எழுதினார்.

அந்த மடலுக்கு அவர் "சட்டம்" என்று பெயர் வைக்கவில்லை. "உத்தரவு" என்றும் வைக்கவில்லை. "அபிப்பிராயம் சொல்லுங்கள்" என்ற பொருளில் பெயர் வைத்தார். 1969 ஏப்ரல் 7-ந்தேதி அது வெளிவந்தது.

அந்த வரிசை இன்றும் நிற்கவில்லை. மடல்களின் எண் 9 ஆயிரத்தைத் தாண்டிவிட்டது. யார் வேண்டுமானாலும் காசு கொடுக்காமல் படிக்கலாம். அதைப் பார்த்து யார் வேண்டுமானாலும் கருவி செய்யலாம்.

எனக்கு இதில் மிகவும் பிடித்த விஷயம் இதுதான். கதவு திறந்தே இருந்தது.

கம்பெனிகளின் கோட்டை

கம்பெனிகள் அப்படி நினைக்கவில்லை.

1974-ல் ஐ.பி.எம். கம்பெனி, தன் கம்ப்யூட்டர்கள் ஒன்றோடு ஒன்று பேசத் தனி முறை கொண்டுவந்தது. 1975-ல் டிஜிட்டல் கம்பெனி வேறு முறை கொண்டுவந்தது. பின்னால் ஆப்பிள் கம்பெனியும், நாவல் கம்பெனியும் தனித்தனி முறைகள் வைத்தன.

அவை மோசமான முறைகள் அல்ல. அந்தந்தக் கோட்டைக்கு உள்ளே நன்றாகவே வேலை செய்தன.

ஆனால், ஒரு கம்பெனியின் சரக்கை ஒருமுறை வாங்கியவர், அடுத்த முறையும் அதே கம்பெனியிடம்தான் வாங்க வேண்டும். வேறு கம்ப்யூட்டர் வாங்கினால் பழையதோடு சேராது. பிறகு, அவர்கள் சொன்னதுதான் விலை!

தபால் முறை

1974 மே மாதம், விண்ட் செர்ப், ராபர்ட் கான் என்ற இரண்டு நிபுணர்கள் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். அதில் சொன்ன முறையே பின்னால் "டி.சி.பி.-ஐ.பி." என்று ஆனது.

பெயரைக் கண்டு பயப்பட வேண்டாம். நம் தபாலைப் போன்றதுதான்.

செய்தியைச் சிறு சிறு துண்டுகளாகப் பிரிக்கிறார்கள். ஒவ்வொரு துண்டையும் ஓர் உறையில் போடுகிறார்கள். உறையின் மேல் அனுப்புகிறவர் விலாசம், பெறுகிறவர் விலாசம், துண்டின் எண் மூன்றும் இருக்கும்.

வழியில் உள்ள நிலையங்கள் விலாசத்தை மட்டும் பார்த்து, அடுத்த நிலையத்துக்குத் தள்ளிவிடும். ஒரு வழி அடைபட்டால் வேறு வழியில் அனுப்பும். உறை போவது கம்பியிலா, ரேடியோவிலா, செயற்கைக்கோளிலா என்ற கவலை இல்லை.

போய்ச் சேர்ந்த இடத்தில், எண்ணைப் பார்த்து வரிசையாக அடுக்குவார்கள். "7-ம் துண்டு வந்தது" என்ற பதில் வராவிட்டால், அனுப்பியவர் அதை மறுபடியும் அனுப்புவார்.

அவ்வளவுதான்! விலாசம் பார்ப்பது ஐ.பி.யின் வேலை. எண்ணிச் சரிபார்ப்பது டி.சி.பி.யின் வேலை.

1977 நவம்பர் 22-ந்தேதி இதைச் சோதித்தார்கள். சான்பிரான்சிஸ்கோ பக்கம் ஒரு வேன் ஓடியது. அதில் இருந்து கிளம்பிய செய்தி ரேடியோவில் ஏறி, ஆர்ப்பாநெட்டுக்கு மாறி, செயற்கைக்கோள் வழியாகக் கடல் கடந்து லண்டன் போய், மறுபடியும் அமெரிக்காவுக்கே திரும்பி வந்தது. மூன்று விதமான பாதை, ஒரே முறை!

வாங்குகிறவர் வைத்த கெடு

நல்ல முறை என்பதற்காக எல்லோரும் ஓடி வந்து சேர்ந்துவிடவில்லை. இதைக் கவனிக்க வேண்டும்.

"1983 ஜனவரி 1-ந்தேதிக்குள் எல்லோரும் புது முறைக்கு மாற வேண்டும். மாறாதவருக்கு இணைப்பு கிடையாது" என்று ஆர்ப்பாநெட்டை நடத்திய ராணுவ இலாகா கெடு வைத்தது. அப்போது அதில் சுமார் 400 கம்ப்யூட்டர்கள் இருந்தன. முணுமுணுத்தார்கள், ஆனாலும் மாறினார்கள். மாறி முடித்தவர்கள், "நான் பிழைத்துக்கொண்டேன்" என்ற பொருளில் சட்டையில் பட்டை குத்திக்கொண்டார்களாம்!

1985-ல் அமெரிக்க தேசிய விஞ்ஞான நிதி நிறுவனம் பல்கலைக்கழகங்களை இணைக்கத் திட்டம் போட்டது. அதுவும் இந்த முறைதான் வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தது.

உலகத் தர நிர்ணய நிறுவனமும் சும்மா இருக்கவில்லை. 7 அடுக்குகள் கொண்ட ஒரு பொதுத் திட்டத்தை 1984-ல் வெளியிட்டது. சர்க்கார்கள் அதை ஆதரித்தன. ஆனால் கூட்டங்கள் நீண்டன, காகிதம் வளர்ந்தது, ஓடும் கருவி வரவில்லை. அதற்குள் டி.சி.பி.-ஐ.பி. ஊர் முழுவதும் பரவிவிட்டது. இன்று 7 அடுக்கு கல்லூரிப் பாடத்தில் இருக்கிறது; வேலை செய்வது மற்றது!

1988-ல் அமெரிக்காவில் "இன்டராப்" என்ற கண்காட்சி நடந்தது. கடை போட்ட கம்பெனிகள் தங்கள் கருவிகளை ஒன்றோடு ஒன்று இணைத்துக் காட்ட வேண்டும் என்பது அதன் விதி. வாய்ப்பந்தல் அங்கே செல்லாது. 1990-ல் ரொட்டி வாட்டும் கருவியைக்கூட இணைத்து, கம்ப்யூட்டரில் இருந்து இயக்கிக் காட்டினார்கள்!

கடைசியில், கோட்டை கட்டிய கம்பெனிகளும் பொது முறைக்கு வந்து சேர்ந்தன. அதனால் அவை நொடித்துப் போய்விடவில்லை. சந்தைதான் பெரிதாயிற்று.

மறுபடியும் கோட்டை

இப்போது நம் காலத்துக்கு வருவோம்.

வாட்ஸ்அப்பில் இருக்கும் அக்காள், டெலிகிராமில் இருக்கும் தம்பிக்கு அங்கிருந்தபடியே செய்தி அனுப்ப முடியுமா? முடியாது. இரண்டு பேரும் ஒரே செயலிக்கு வர வேண்டும். இல்லாவிட்டால் ஒரே போனில் இரண்டு செயலிகள் வைத்துக்கொள்ள வேண்டும்.

அடியில் ஓடுவது அதே பொது முறைதான். அதன் மேல் புதுக் கோட்டை எழுப்பி இருக்கிறார்கள். டெய்லரின் 3 பெட்டிகள் நம் சட்டைப் பைக்குள் வந்துவிட்டன!

"கதவைத் திறந்தால் ரகசியம் போய்விடும்" என்று கம்பெனிகள் சொல்கின்றன. இது வெறும் சாக்கு அல்ல. செய்தியைப் பூட்டி அனுப்பும்போது, இரண்டு பக்கமும் சாவி பொருந்த வேண்டும். அது கஷ்டமான வேலைதான்.

ஆனால், வழி இல்லாமல் போகவில்லை. குழுவாகப் பேசுகிறவர்களின் செய்தியைப் பூட்டுவதற்கு ஒரு பொதுவிதி 2023 ஜூலையில் வெளிவந்து இருக்கிறது. குரோக்கர் தொடங்கிய அதே மடல் வரிசையில் அதன் எண் 9420.

ஐரோப்பிய ஒன்றியம் 2022-ல் ஒரு சட்டம் போட்டது. அதன்படி பெரிய செயலிகள், மற்றவர்கள் கேட்டால் 2024 மார்ச் முதல் கதவைத் திறக்க வேண்டும். ரகசியமும் குறையக் கூடாது. முதலில் இருவர் பேச்சு. குழுப் பேச்சும் போன் பேச்சும் பிறகு.

நம் நாட்டிலும் நல்ல உதாரணம் இருக்கிறது. 2016-ல் வந்த யு.பி.ஐ.யைப் பாருங்கள். டீக்கடைக்காரர் ஒரு செயலி வைத்து இருக்கிறார். நீங்கள் வேறு செயலி வைத்து இருக்கிறீர்கள். பாங்கும் வேறு. ஆனாலும் டீக்குக் காசு போய்ச் சேருகிறது. பணத்துக்கு முடிந்தது, பேச்சுக்கு முடியாதா?

கேட்க வேண்டியவர் யார்?

என் கருத்து இதுதான். விற்கிறவர் தானாக வேலியை எடுக்க மாட்டார். வாங்குகிறவர் கேட்டதால்தான் அன்று வேலி போனது. அன்று கேட்டது ராணுவமும் பல்கலைக்கழகமும். இன்று கேட்க வேண்டியவர்கள் நாம்.

பொதுச் செயலிகளுக்குக் கதவு திறக்கும் சட்டத்தை நம் சர்க்காரும் கொண்டுவர வேண்டும்.

நாமும் ஒன்று செய்யலாம். பள்ளிக்கோ, கடைக்கோ, கூட்டுறவுச் சங்கத்துக்கோ கம்ப்யூட்டர் வாங்கும்போது, விலை கேட்பதற்கு முன்னால் இரண்டு கேள்விகள் கேளுங்கள்:

"மற்றக் கம்பெனிக் கருவியோடு இது சேருமா? நாளைக்கு நாங்கள் வேறு கம்பெனிக்குப் போனால், எங்கள் கணக்கையும் படத்தையும் எடுத்துக்கொண்டு போகலாமா?"

"ஆமாம்" என்றால் வாங்குங்கள். விற்பவர் மழுப்பினால், அடுத்த கடைக்குப் போங்கள்.