வலைக்கு ஓய்வு கொடுத்தால் மீன் திரும்புமா?

கேள்வி: "எங்களுக்கு இரண்டு ஏக்கர் மானாவாரி நிலம். வீட்டுக்காரருக்குக் கடல் தொழில். வருஷா வருஷம் தடைக்காலம் முடிந்து போனாலும், முன்பு மாதிரி அடிக்கடல் மீன் கிடைப்பதில்லை என்கிறார். இந்த நிலையில் என் மகன், நிலத்தை அடமானம் வைத்து விசைப்படகில் பங்கு போடலாம் என்கிறான். குறைந்துபோன மீன் மறுபடி பெருகுமா? நம்பிக் கடன் வாங்கலாமா?"
- வாசகி ஒருவர், நாகப்பட்டினம் மாவட்டம்.

பதில்: பெருகும் சகோதரி. ஆனால், எந்த மீன், எத்தனை வருஷத்தில், அதுவரை யார் வீட்டு அடுப்பு அணைந்து கிடக்கும் என்பதையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். இதை முழுதாக அனுபவித்துப் பார்த்தவர்கள் அமெரிக்காவின் மேற்குக் கரை மீனவர்கள்.

வாஷிங்டன், ஓரிகன், கலிஃபோர்னியா மாநிலங்களின் கடலில், தரையை ஒட்டி வாழும் மீன்கள் 90 வகைக்கு மேல். அதில் 'ராக்ஃபிஷ்' என்றொரு கூட்டம். நம் ஊர் பாறை மீன் அல்ல. பாறை இடுக்குகளில் குடியிருக்கும் வேறு இனம். மத்தியும் நெத்திலியும் நெல் மாதிரி, சீக்கிரம் விளைந்துவிடும். ராக்ஃபிஷ் பனை மாதிரி. மஞ்சள்கண் ராக்ஃபிஷ் 100 வயது தாண்டியும் வாழும். இனப்பெருக்கத்துக்குத் தயாராகவே ஏறக்குறைய 20 வருஷம் ஆகும். இது புரியாத காலத்தில், வேகமாக வளரும் மீனுக்குரிய கணக்கில் பிடிக்க அனுமதித்தார்கள். படகுகளும் பெருகின. பனையை நெல் மாதிரி அறுத்தால் என்ன ஆகும்?

2000-ம் ஆண்டு ஜனவரியில், அந்த மீன்பிடித் தொழிலையே 'பேரிடர்' என்று அமெரிக்க அரசு அறிவித்தது. 1999 தொடங்கி 2010-க்குள் பத்து வகை மீன்கள் 'அளவுக்கு மீறிப் பிடிக்கப்பட்டவை' பட்டியலில் ஏறின. ராக்ஃபிஷ் வகைகளுக்கு அவர்கள் வைத்த அளவுகோல் எளிது. பிடிக்கவே பிடிக்காமல் விட்டிருந்தால் எவ்வளவு தாய் மீன் இருக்குமோ, அதில் 25 சதவிகிதத்துக்குக் கீழே போனால் ஆபத்து. 40 சதவிகிதத்துக்குத் திரும்பினால் மீண்டுவிட்டது என்று பொருள். விதைநெல் குதிரில் எவ்வளவு மிச்சம் என்று பார்ப்பது போலத்தான்.

எனக்கு மிகவும் பிடித்த ஏற்பாடு வலையில் செய்ததுதான். இழுவலையின் அடிக்கயிற்றில் பெரிய உருளைகள் கோத்திருந்தால், கரடுமுரடான பாறை மேலும் வலை உருண்டு போகும். ராக்ஃபிஷ் பிடிப்பவர்கள் பெரிய உருளை வைக்கக் கூடாது என்றார்கள். பாறைப் பக்கம் போனால் வலை கிழியும். வலை கிழிந்தால் நஷ்டம். காவல் போடாமலே படகுகள் பாறையை விட்டு விலகின. 2002 முதல் பெரும் பரப்புகளையே மூடினார்கள். 2003-ல் 91 இழுவைப் படகுகளின் உரிமங்களை விலைக்கு வாங்கி ஒழித்தார்கள். செலவு சுமார் 4.6 கோடி டாலர். அதில் பெரும்பகுதி கடன். அதைக் கட்டியது யார் தெரியுமா? தொழிலில் மிஞ்சிய படகுக்காரர்கள், தாங்கள் விற்ற மீனின் பணத்திலிருந்து.

2011-ல் இழுவைப் படகுகளுக்கு இன்ன மீன் இவ்வளவு என்று பங்கு பிரித்தார்கள். ஒவ்வொரு பயணத்திலும் ஒரு கண்காணிப்பாளர் ஏறினார். கடலில் திருப்பிக் கொட்டும் மீனும் கணக்கில் சேர்ந்தது. ஆழத்திலிருந்து மேலே வரும் ராக்ஃபிஷ், உள்ளே காற்றுப்பை உப்பிச் செத்துப் போகும். கொட்டினாலும் பிழைக்காது என்பதால்தான் இந்தக் கண்டிப்பு. மஞ்சள்கண்ணுக்கு மொத்த இழுவைப் படகுகளுக்கும் சேர்த்து வருஷத்துக்கு ஒரு டன்கூட ஒதுக்கவில்லை. அது தவறி வலையில் ஏறிவிடுமோ என்று பயந்து, ஏராளமாக இருந்த மற்ற மீன்களையும் பிடிக்காமல் விட்டார்கள். ஊர் ஊராக வருமானம் சுருங்கியது. இந்தப் பக்கத்தைச் சொல்லாமல் வெற்றியை மட்டும் சொல்வது நியாயம் இல்லை.

பலன் வந்தது. லிங்காட் மீன் 2005-ல் மீண்டது. கேனரி ராக்ஃபிஷ் 2015-ல், பொக்காச்சியோ 2017-ல், கௌகாட் 2019-ல். சில வகைகள் திட்டத்தில் குறித்த காலத்துக்கு வெகு முன்பே மீண்டன. கடலும் ஒத்துழைத்தது, குஞ்சுகள் நிறையப் பிழைத்த நல்ல வருஷங்கள் நடுவில் அமைந்தன. 2020 ஜனவரியில், மூடிய பரப்பில் ஒரு பகுதியை மறுபடி திறந்தார்கள்.

நம் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள் தடை. முட்டையிடும் மீனுக்கு அது நல்ல ஓய்வு. ஆனால், 62-ம் நாள் எல்லாப் படகும் ஒன்றாகக் கிளம்பினால், சேர்ந்தது எத்தனை நாள் தாங்கும்? எத்தனை படகு, என்ன கண்ணி, எவ்வளவு மீன் என்பதையும் கட்டுப்படுத்தாமல் தடைக்காலம் மட்டும் போதாது என்பது என் கருத்து. அவர்கள் முறையை அப்படியே இங்கே கொண்டுவரவும் முடியாது. ஒரே வலையில் பல பத்து வகை ஏறும் கடல் நம்முடையது.

உங்கள் மகனிடம் ஒன்று சொல்லுங்கள். பங்கு போடும் படகின் மூன்று வருஷக் கணக்கை வாங்கிப் பார்க்கட்டும். டீசல் செலவு எவ்வளவு, சாப்பாட்டு மீன் எவ்வளவு, மீன்தூள் ஆலைக்குப் போகும் பொடிமீன் எவ்வளவு என்று தனித்தனியாகப் பார்க்க வேண்டும். பொடிமீனின் பங்கு ஏறிக்கொண்டே போனால், அந்தப் படகு அடுத்த வருஷத்து மீனை இப்போதே அள்ளுகிறது என்று அர்த்தம். அப்படியென்றால் நிலப் பத்திரத்தை வெளியே எடுக்காதீர்கள். கணக்குக் காட்ட மறுத்தாலும் அதே பதில்தான்.

கேள்வி: "தூண்டிலில் சிக்கும் சின்னக் கலவாயைத் திரும்பக் கடலில் விட்டால் பிழைக்குமா?"
- வாசகர் ஒருவர், ராமநாதபுரம் மாவட்டம்.

பதில்: ஆழம் குறைந்த இடத்தில் பிடித்து, உடனே விட்டால் பிழைக்க வாய்ப்பு உண்டு. ஆழத்தில் பிடித்தது வயிறு உப்பி மிதக்கும். மேலே சொன்ன அமெரிக்கக் கரையில் அப்படிப்பட்ட மீனை, எடை கட்டிய ஒரு கருவியில் மாட்டி ஆழத்துக்கு இறக்கி விடுகிறார்கள். கீழே போகப் போக காற்று சுருங்கி மீன் நீந்திப் போய்விடும்.