முக்காலி எங்கே?

மருத்துவருக்கும் நோயாளிக்கும் நடக்கும் பேச்சை யார் தொடங்குகிறார்? மருத்துவரா? நோயாளியா? இருவரும் அல்லர். மேசை தொடங்குகிறது, நாற்காலி தொடர்கிறது, திறந்து கிடக்கும் கதவு முடித்து வைக்கிறது! வாய் திறக்கும் முன்பே, இன்னார் அமரவேண்டியவர், இன்னார் நிற்கவேண்டியவர் என்று மரமும் இரும்பும் தீர்ப்பு எழுதிவிடுகின்றன. அதற்குப் பின் நடப்பது உரையாடல் அன்று, விண்ணப்பம்!

வெறும் கற்பனை என்பீரோ? காலை வேளையில் கூட்டம் நெரியும் புறநோயாளிகள் அறை ஒன்றை மனக்கண்முன் நிறுத்துங்கள். அகன்ற மேசை. அதற்கு அப்பால் மருத்துவர். அவர் முகமோ கணினியின் பக்கம். இப்பால் முக்காலி இருந்தால், அதன்மேல் ஏடுகளின் கட்டு! நோயாளி நிற்கிறார். அவர் முதுகை உரசிக்கொண்டு அடுத்தவர். அவருக்குப் பின்னே வாசல்வரை வரிசை. கடற்கரைக் குப்பத்திலிருந்து மீன்கூடையை இறக்கிவைத்துவிட்டு வந்திருக்கிறார் ஒரு தாய். மாதக்கணக்கில் ஓயாத உதிரப்போக்கைச் சொல்ல வந்தவர், பின்னால் நிற்கும் பத்து ஆடவரைத் திரும்பிப் பார்க்கிறார். "இடுப்பு வலிங்க ஐயா" என்கிறார். மாத்திரை கிடைக்கிறது. நோய் வந்தவழியே வீடு திரும்புகிறது! அது கருப்பைவாய்ப் புற்றின் முதல் அறிகுறியாகவும் இருக்கலாமே! அந்த உயிருக்கு யார் பொறுப்பு? நாணமா? விதியா? இல்லை, நான்கு முழத் திரைத்துணி இல்லாமை!

பள்ளியில் பாடஞ்சொல்லும் நாம் இதை நன்கறிவோம். பெஞ்சின்மேல் ஏற்றி நிறுத்தப்பட்ட மாணவன் ஐயம் கேட்பதுண்டா? உடலை நிறுத்தும் இடமே உள்ளத்தை நிறுத்தும் இடமும் ஆகும்.

மருத்துவ உலகம் இதை அறியாததன்று. 1816-இல் பாரிசு நகரில் லென்னெக் என்ற மருத்துவர், ஓர் இளம்பெண்ணின் மார்பில் காதை வைத்துக் கேட்கக் கூசினார்; காகிதத்தைக் குழலாகச் சுருட்டி வைத்துக் கேட்டார். அப்படிப் பிறந்ததுதான் ஸ்டெதாஸ்கோப்! கூச்சத்துக்கு இடங்கொடுத்ததால் மருத்துவத்துக்குப் புதிய காது கிடைத்தது. நம் சென்னையிலோ, ஆண் மருத்துவரை அணுகாத பெண்டிருக்கென 1885-இல் மேரி ஷார்லீப் அம்மையார் ஒரு மருத்துவமனை தொடங்கினார். இன்று கஸ்தூரிபா காந்தி மருத்துவமனை என வழங்கும் அதற்கு அன்றிருந்த பெயரிலேயே 'சாதிப் பெண்டிர்', 'கோஷாப் பெண்டிர்' என்ற சொற்கள் இருந்தன! அம்மையாரின் தொண்டைக் குறைகூறோம். ஆனால் கேட்கிறோம்: மேற்குலத்துப் பெண்டிருக்கு அன்றே கிடைத்த மறைவு, மீன் விற்கும் பெண்ணுக்கும் நாற்று நடும் பெண்ணுக்கும் இன்றும் ஏன் அரிதாக இருக்கிறது?

தொலைவு போவானேன்? செங்கற்பட்டை அடுத்த திருமணிக்கு வாருங்கள். அங்கே 1924-இல் எழுந்த தொழுநோய் மருத்துவமனை, 1955-இல் மத்திய அரசின் ஆராய்ச்சி நிலையமாயிற்று. தொழுநோயாளரைத் தொடாதே, அணுகாதே, ஊருக்கு வெளியே தள்ளு என்றது சமுதாயம். ஏழைத் தொழுநோயாளரைப் பிடித்து அடைக்க வழிசெய்தது 1898-ஆம் ஆண்டுச் சட்டம். அது நீக்கப்பட்டதோ 2016-இல்தான்! அந்தத் திருமணிக்கு 1947-இல் வந்தார் வேலூர் மருத்துவர் பால் பிராண்ட். விரல்கள் முடங்கிய ஒரு நோயாளியின் கைக்குள் தம் கையை வைத்து, "அழுத்து" என்றார். வலியெடுக்கும் அளவுக்கு இருந்தது பிடி! செத்துவிட்டது என்று ஊரார் கைவிட்ட கைக்குள் உயிருள்ள தசைகள் இருந்தன. தசைநாண்களை இடம் மாற்றிக் கைகளை மீட்கும் அறுவைமுறையைத் தொழுநோயாளருக்குக் கொண்டுவர அவரைத் தூண்டியது அந்தப் பிடி. மேசைக்கு அப்பால் அமர்ந்து ஏடு எழுதியிருந்தால் அந்தக் கை பேசியிருக்குமா?

"கூட்டம் மிகுதி, நேரம் இல்லை" என்பர். கூட்டம் மெய், மருத்துவரின் களைப்பும் மெய். அவர்களை நாம் பகைக்கவில்லை. ஆனால் உட்காருவதற்கு நேரம் செலவாகிறதா? அமெரிக்காவின் கான்சாஸ் பல்கலைக்கழக மருத்துவமனையில் ஆராய்ந்து 2012-இல் வெளியிட்டார்கள். படுக்கையருகே மருத்துவர் நின்று பேசியதற்கும் அமர்ந்து பேசியதற்கும் நேரத்தில் பெரிய வேறுபாடு இல்லை. ஆயினும் அமர்ந்து பேசியவரே நெடுநேரம் இருந்தார் என்று நோயாளிகள் நம்பினர். நேரத்தைக் கூட்டாமலே நம்பிக்கையைக் கூட்டியது ஒரு நாற்காலி!

பகுத்தறிவுத் தோழர்களே, இது நம் வழக்கு. தாயத்துக் கட்டுபவனை விட்டு மருத்துவரிடம் போ என்று மேடைதோறும் முழங்குகிறோம். மக்கள் ஏன் திரும்பவும் அவனிடமே போகிறார்கள்? அவன் பாய் விரிக்கிறான், உட்காரச் சொல்கிறான், கதை முழுவதையும் கேட்கிறான். அவனிடம் இருப்பது பொய். ஆனால் அது பாயில் உட்கார்ந்திருக்கிறது. நம்மிடம் இருப்பது மெய். அது மேசைக்குப் பின்னால் ஒளிந்திருக்கிறது! மெய் தோற்பது அறிவின் குறையால் அன்று, அமர இடமின்மையால்!

அணுபுரம் என்று ஓர் ஊர். அணுவின் பெயரையே தாங்கி நிற்கிறது. அதை அடுத்த கல்பாக்கத்தில் 1983-இலேயே அணு உலை இயங்கத் தொடங்கிவிட்டது. அணுவைப் பிளந்து ஆற்றல் எடுக்கும் நாட்டுக்கு, நோயாளிக்கு ஒரு முக்காலி போட ஆற்றல் இல்லையா?

நாம் கேட்பது மாளிகையன்று. மேசைக்கு எதிரே அன்று, பக்கத்தில் ஒரு முக்காலி. ஒரு திரை. ஒருவர் உள்ளே இருக்கையில் மூடிய கதவு. இளைஞர்களே, உங்கள் ஊர் மருத்துவமனைக்கு மனு எழுதுங்கள். மூலையில் முடங்கிக் கிடக்கும் முக்காலியின் தூசியைத் தட்டி எடுத்துப் போடுங்கள். நிற்பவரை அமரச் செய்யுங்கள், அமர்ந்தவர் பேசுவார். பேசியவர் பிழைப்பார்!