குட்டி யானையில் எத்தனை காளை ஏறும்?

டோல்கேட் பக்கம் இருக்கும் என் தங்கை மகன் மூன்று ஜல்லிக்கட்டுக் காளைகள் வளர்க்கிறான். நேற்று ஸ்ரீரங்கம் வீட்டுக்கு வந்தவன், "மாமா, சூரியூருக்கு மூணையும் ஒரே நடையில கொண்டுபோகணும். பழைய குட்டி யானை ஒண்ணு வாங்கி, சுத்தித் தகரம் அடிச்சு மூடிடலாம்னு இருக்கேன்" என்றான்.

கணக்கு வாத்தியார் சும்மா இருப்பேனா? 2016 முதல் நடப்பில் உள்ள மோட்டார் வாகன விதிப்படி மாடு ஒன்றுக்கு 2 சதுர மீட்டர் இடம் வேண்டும். குட்டி யானையின் தளமே சுமார் 3 சதுர மீட்டர்தான். ஒரு காளைக்குச் சரி. பெரிய பிக்கப்பில் இரண்டு நிற்கும். மூன்றுக்கு 14 அடி லாரி வேண்டும். இல்லையென்றால் இரண்டு நடை போக வேண்டும்.

தகரம் அடிப்பதும் தப்பு. சித்திரை வரை ஜல்லிக்கட்டு நடக்கிறது. திருச்சி வெயிலில் அது அடுப்பாகிவிடும். பக்கங்களை உயர்த்துங்கள், காற்றை அடைக்காதீர்கள். தளத்தில் தென்னை நார்ப் பாய், காளையின் முகம் எஞ்சின் பக்கம், கூடவே ஒரு ஆள். இதெல்லாம் 1978 விதியிலேயே இருக்கிறது.

போன வருஷம் அவன் காளை ஒன்று, பிரேக் போட்டதில் வழுக்கி முழங்கால் கிழிந்து, அவிழ்க்காமலே திரும்பி வந்தது. 2017-ல் காளைக்காகத் தெருவில் உட்கார்ந்த பிள்ளைகள்தானே நீங்கள்? வாடிவாசலில் காட்டும் அக்கறையை வழியிலும் காட்டுங்கள்.

"சரி மாமா, ரெண்டு நடையே போறேன்" என்றிருக்கிறான். பொங்கலுக்குப் பார்ப்போம்.