இல்லமும் நலமும்: நீரில் இறங்கும் கால்களுக்கு

கோடை விடுமுறை தொடங்கிவிட்டால் நம் பங்குகளில் சுற்றுலா ஏற்பாடுகளும் தொடங்கிவிடுகின்றன. மறைக்கல்விச் சிறுவர்களும் இளைஞர்களும் குடும்பங்களும் பேருந்து அமர்த்திக்கொண்டு, பில்லூர் நீர்த்தேக்கக் கரையிலுள்ள பரளிக்காட்டுக்கும், கோபிச்செட்டிபாளையத்தை அடுத்த கொடிவேரி அணைக்கும், சற்றுத் தொலைவிலுள்ள ஒகேனக்கலுக்கும் புறப்படுகின்றனர். கட்டுச்சோற்றுக்குத் திட்டமிடுகிறோம், மாற்றுடைக்குத் திட்டமிடுகிறோம். ஆனால், பாறையிலும் மணலிலும் நடந்து, பரிசலில் ஏறி, ஆற்றில் இறங்கப்போகும் கால்களுக்கு என்ன அணிவது என்று எண்ணிப் பார்ப்பவர் மிகச் சிலரே.

வீட்டு வாசலில் கிடக்கும் ஹவாய் செருப்பையே பெரும்பாலோர் மாட்டிக்கொண்டு வருகின்றனர். முழங்கால் அளவு நீரில் அது காலை விட்டுக் கழன்று மிதந்து செல்லும். அதைப் பிடிக்கச் சிறுவன் இரண்டடி எடுத்து வைப்பான். மூன்றாம் அடியில் பள்ளம் இருக்கும். பவானி ஆற்றை நன்கு அறிந்தவர்களுக்கு இதன் அபாயம் புரியும். பில்லூரில் மின் உற்பத்திக்காக நீர் திறக்கப்படும்போது, மேட்டுப்பாளையம் பகுதியில் வானம் தெளிந்திருக்கையிலேயே ஆறு திடீரென உயரும். அங்கு நேரும் உயிரிழப்புகளைப் பற்றி நாளிதழ்களில் அடிக்கடி படித்து வருந்துகிறோம். ஆகவே காலணியின் முதல் இலக்கணம் அழகன்று. காலை விட்டு நீங்காமையே.

வாங்கும்போது நான்கு செய்திகளைக் கவனித்தல் நலம். முதலாவது, குதிகாலைச் சுற்றிப் பிடிக்கும் பின்வார் இருக்க வேண்டும். இரண்டாவது, புகுந்த நீர் உடனே வெளியேறப் பக்கங்களில் துளைகளோ வலைத்துணியோ வேண்டும். நீர் தேங்கும் காலணி கனத்துப்போய் நடையைத் தடுக்கும். முழங்கால் வரையுள்ள ரப்பர் பூட்ஸ் ஆற்றுக்கு ஆகாது என்பது இதனாலேயே. மூன்றாவது, அடிப்பாகம் வரிப்பள்ளங்கள் உள்ள மென்மையான ரப்பராக இருக்க வேண்டும். கடினமான பிளாஸ்டிக் ஈரப்பாறையில் வழுக்கும். நான்காவது, கல்லில் இடிபடாதவாறு விரல்களுக்கு முன்மறைப்பு வேண்டும். மாலை வேளையில் கால் சற்று வீங்கியிருக்குமாதலால் அப்போது அணிந்து பார்த்து வாங்குவதே முறை.

நீருக்கென்றே விற்கப்படும் காலணிகளிலும் இரு வகை உண்டு. காலுறை போன்ற மெல்லியவை படகுக்கும் நீச்சல் குளத்துக்கும் பொருந்தும். கூர்ங்கற்கள் நிறைந்த காட்டுப் பாதைக்குப் போதா. நடையும் நீரும் கலந்த பயணத்துக்குத் தடித்த அடிப்பாகமுள்ள வார்க் காலணியே சிறந்தது. அதற்குப் பணமில்லையே என வருந்த வேண்டாம். பிள்ளைகள் உடற்பயிற்சி வகுப்புக்கு அணியும் கான்வாஸ் காலணி, அடி தேயாமல் இருந்தால், ஒருநாள் பயணத்துக்குப் போதுமானது. பருத்திக் காலுறையை மட்டும் தவிர்த்துவிடுக. அது ஈரத்தைத் தேக்கிக் கொப்புளம் உண்டாக்கும். தோல் காலணிகளை வீட்டிலேயே விட்டுவிடலாம். நனைந்து காய்ந்தால் அவை விறைத்துப் போகும்.

பரிசல் ஏறுவோர் மற்றொன்றையும் நினைவில் கொள்ள வேண்டும். அது மூங்கிற் பிளாச்சுகளால் பின்னி, நீர் புகாத உறையால் மூடப்பட்ட கலம். கூரிய குதியுயர் செருப்பு அந்த உறையைக் கிழிக்கக்கூடும். மென்மையான அடிப்பாகம் நம் காலுக்கு மட்டுமன்று, பரிசலோட்டியின் பிழைப்புக்கும் நன்மை செய்கிறது. காலணி எதுவாயினும் உயிர்காப்பு மேலாடை அணியாமல் பரிசலில் அமரலாகாது.

நம் குடும்பங்களில் ஒரு வழக்கத்தைக் காண்கிறோம். தந்தைக்குப் புதுக் காலணி, பிள்ளைகளுக்கும் புதிது, தாய் மட்டும் தேய்ந்த செருப்போடு, பிள்ளையை இடுப்பிலும் பையைத் தோளிலும் சுமந்து வழுக்குப்பாறையில் நடக்கிறாள். அவள் சறுக்கினால் இருவர் விழுகின்றனர். வாங்கும் பணம் குறைவாயிருந்தால் முதல் காலணி அவளுக்கே ஆகட்டும். அடுத்தது, நீரிழிவு உள்ள முதியவர்களுக்கு. உணர்ச்சி மங்கிய பாதத்தில் உடைந்த புட்டிச் சில் குத்தினாலும் அவர்கள் அறியமாட்டார்கள். திறந்த புண்ணோடு அசுத்த நீரில் இறங்குவதால் எலிக்காய்ச்சல் போன்ற நோய்களும் தொற்றக்கூடும். வீடு திரும்பியதும் எல்லாருடைய பாதங்களையும் கழுவித் துடைத்து, விரலிடுக்குகளையும் பார்த்தல் நன்று.

இத்தனை கவனமும் ஆற்றை வென்றுவிட்டதாகப் பொருள்படாது. பாசி படர்ந்த பாறையில் எந்தக் காலணியும் உறுதியாய் நிற்பதில்லை. தடை செய்யப்பட்ட இடங்களில் இறங்கவே கூடாது. தவறி விழுந்து நீரோட்டம் இழுத்தால், எழுந்து நிற்க முயன்று பாறையிடுக்கில் கால் சிக்கிக்கொள்வதே பேராபத்து. மல்லாந்து, கால்களை நீர் செல்லும் திசையில் உயர்த்தி மிதந்தபடி கரையை நாட வேண்டும். பிள்ளைகளுக்குப் பேருந்திலேயே சொல்லிவிடுக: செருப்பு போனால் போகட்டும், அதற்காக ஓரடியும் எடுத்து வைக்காதே. செருப்பைத் தொலைத்த பிள்ளையை வீட்டில் அடிக்கும் பெற்றோரின் பிள்ளைதான் ஆற்றில் அதன்பின் ஓடும் என்பதையும் மறவாதிருப்போம்.

சீடர்களைப் பயணத்துக்கு அனுப்பியபோது, உணவும் பையும் பணமும் வேண்டாம் என்ற இயேசு, மிதியடியை அணிந்துகொள்ளச் சொன்னதாக மாற்கு நற்செய்தி குறிப்பிடுகிறது. அவரே இறுதி இரவில் அவர்களுடைய பாதங்களைக் கழுவினார். பிறர் பாதங்களைப் பற்றிக் கவலை கொள்வது சிறு செயலன்று. இந்தக் கோடையில் சுற்றுலாவுக்கு நாள் குறிக்கும் குடும்பங்கள், அதற்கு முந்தைய மாலை வாசலில் கிடக்கும் செருப்புகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்க்கட்டும்.