நீளும் மேசை

விருந்தினர் மிகும்போது இழுத்து நீட்டத்தக்க உணவு மேசையை நம்மில் பலர் கண்டிருப்போம். அத்தகைய மேசையொன்றிற்கு 1800-இல் காப்புரிமை பெற்றவர், இங்கிலாந்தின் லங்காஸ்டர் நகரத்து மரச்சாமான் வணிகர் ரிச்சர்டு கில்லோ. தந்தை ராபர்ட் தொடங்கிய தொழிலை நாடறியச் செய்தவர்.

அவர் கத்தோலிக்கர். அந்நாளைய சட்டம் கத்தோலிக்கருக்கு அரசுப் பதவிகளை மறுத்திருந்தது. அத்தடை பெரும்பாலும் நீங்கியது 1829-இல்தான். ஆயினும், 1764-இல் எழுந்த நகரின் சுங்க மாளிகையை வடிவமைத்தவர் அவரே! ஆற்றுத்துறையில் அது இன்றும் நிற்கிறது.

நமக்கு இதில் பெருமைதான். ஆனால் அவர்தம் மேசைகளுக்குரிய மகோகனி மரம் ஜமைக்காவிலிருந்து கப்பலேறி வந்தது. அங்கே அதை வெட்டிச் சாய்த்தவர்கள் ஆப்பிரிக்க அடிமைகள். இதை எழுதக் கை கூசுகிறது. மறைக்கவோ மனம் ஒப்பவில்லை. கில்லோ 1811-இல் மறைந்தார். அடிமை முறையை ஒழிக்கும் சட்டத்தை ஆங்கிலப் பாராளுமன்றம் இயற்றியது 1833-இல்.